நர்சிங்கை விட்டுவிடலாமா ஆச்சி?

வாசகர் கடிதம்:

"எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது தினமும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் லேம்ப் லைட்டிங் அன்று சந்தோஷத்தில் அழுதேன். இப்போது ஆண்கள் மெடிக்கல் வார்டில் பயிற்சிப் போஸ்டிங். பி.பி. பார்ப்பது, படுக்கை விரிப்பது, ரத்த சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. ஏதாவது கேட்டால் 'முதலில் சொன்னதைச் செய்' என்கிறார்கள். நோயாளிகள் முன்னாலேயே திட்டு விழுகிறது. போன மாதம் 14-ஆம் பெட் தாத்தா இறந்துவிட்டார். முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தவர். நான் அழவில்லை. சார்ட்டை எடுத்து வைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நான் கல்லாகிவிட்டேனா? இந்தத் துறையே வெறுத்துப்போய்விட்டது. நின்றுவிட்டுக் காரைக்குடியில் பி.காம். சேரலாமா என்று யோசிக்கிறேன். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது ஆச்சி?"

பதில்:

ஆத்தா, என்னை ஆச்சி என்று கூப்பிட்டுவிட்டாய். நானும் உன்னை நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: இப்போது நிற்காதே. அதற்காக, பொறுத்துக்கொள், எல்லாம் தானாகச் சரியாகும் என்றும் சொல்ல மாட்டேன். 11 வருடம் வார்டிலும் 23 வருடம் உன்னைப் போன்ற பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போகும் வேலையிலும் இருந்திருக்கிறேன். சரியாகாமலே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகும் மாணவியாக இருந்தபோது பட்ட காயத்தோடு நடமாடும் சிஸ்டர்கள் உண்டு. உன்னைத் திட்டுகிறவர்களில் ஒருவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

அந்தத் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். உன் கடிதத்தில் கனமான இடம் அதுதான்.

நான் முதன்முதலாக ஒரு மரணத்தைப் பார்த்தது படிப்பின் முதல் வருடத்தில். வயதான அம்மா, நுரையீரலில் நீர் கோத்து வந்தவர். எனக்கும் அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மரத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனால் சாப்பிடப் போவதற்கு முன் ஒன்று நடந்தது. எங்கள் டீச்சர் என்னையும் இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, அந்த அம்மாவைத் துடைத்துச் சுத்தம் செய்ய வைத்தார். ஒருக்களித்துத் திருப்பும்போது, "அம்மா, உங்களை இடது பக்கம் திருப்புகிறோம்" என்று அந்த உடலிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்பினார். தலைமுடியை வாரிவிடச் சொன்னார். "இவர் பெயர் என்ன?" என்று எங்களிடம் கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். திட்டவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதற்குப் பிறகு என் கையால் சுத்தம் செய்த ஒவ்வொரு உடலிடமும் பேசிவிட்டுத்தான் திருப்பியிருக்கிறேன்.

உனக்கு அந்த முக்கால் மணி நேரத்தை யாரும் கொடுக்கவில்லை. சார்ட்டை எடுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தாய். உன் மரத்துப்போதல் அங்கேதான் தொடங்கியது. அதை உன் குணம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதும்போதும் அந்த வெந்நீர் உன் நினைவில் இருக்கிறது. அவர் உன்னிடம் கேட்டு வாங்கிக் குடித்தது, அது சாயங்காலம் என்பது, எல்லாம் இருக்கிறது. கல்லாகியிருந்தால் எனக்குக் கடிதமே வந்திருக்காது.

அவரைப் பெட் நம்பரால் எழுதியிருக்கிறாய் பார், அதற்கும் ஒரு காரணம் உண்டு. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியர்களைக் கவனித்து 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது குறைவு. பத்தாம் படுக்கைக் கல்லீரல், பதினைந்தாம் படுக்கை நிமோனியா என்றுதான் சொல்வார்களாம். வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி எல்லோருக்கும் டெம்பரேச்சர் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். எந்தப் பெண்ணும் எந்த ஒரு நோயாளியோடும் முழுதாக இருக்கும்படி நேராது. நெருங்கினால் வலிக்கும், வலித்தால் வேலை ஓடாது என்று பயந்து வார்டு தனக்குத்தானே கட்டிக்கொண்ட வேலி அது என்றார் மென்சீஸ். ஆனால் அந்த வேலியால் பயம் தீரவில்லை, நோயாளியோடு இருப்பதில் கிடைக்கும் நிறைவுதான் போனது என்பதையும் அவர் சேர்த்தே எழுதினார். உன் வார்டில் நடப்பதும் இதேதான். உனக்கு வெறுத்துப்போனது நர்சிங் என்கிறாய். எனக்கென்னவோ, நர்சிங்கை இன்னும் உன் கையிலேயே கொடுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இது நர்சிங் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஹோஜத் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் மருத்துவ மாணவர்களை வருடா வருடம் அளந்து பார்த்து 2009-இல் எழுதினார்கள். நோயாளியின் நிலையை உணர்ந்து பார்க்கும் தன்மை முதல் இரண்டு வருடம் ஏறக்குறைய அப்படியே இருந்து, மூன்றாம் வருடத்தில் சரிந்தது. அங்கே மூன்றாம் வருடத்தில்தான் மாணவர்கள் முழு நேரமும் வார்டுக்குள் போகிறார்கள். நோயாளியே இல்லாத வகுப்பறையில் நிலைத்து நின்ற இரக்கம் நோயாளியின் பக்கத்தில் போனதும் குறைகிறது. முதலில் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. என் வேலையே பிள்ளைகளை அந்த இடத்துக்குக் கூட்டிப்போவதுதானே.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1958-இல், ஹோவர்ட் பெக்கரும் பிளான்ச் கீரும் கான்சஸ் மருத்துவக் கல்லூரி மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்து இதே கேள்வியை எழுப்பியிருந்தார்கள். மக்களுக்கு உதவ வேண்டும் என்று வந்த பிள்ளைகள் எப்படி 'பரீட்சையில் என்ன கேட்பார்கள்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்ற கேள்வி. அவர்கள் கண்டது உனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த ஆசை செத்துப்போகவில்லை. படிப்பின் நெருக்கடியில் ஒதுங்கி நிற்கிறது. முடிக்கும் தறுவாயில் திரும்பி வருகிறது. அப்போது அது லேம்ப் லைட்டிங் அன்று இருந்த ஆசையாக இருப்பதில்லை. எது முடியும், எது முடியாது என்று தெரிந்த ஆசையாக இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளை நீ, உனக்குப் பெட்டியடிப் பையன் என்றால் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக்குப் போன செட்டியார் வீட்டுக் கிட்டங்கிகளில், அதாவது அவர்கள் தொழில் நடத்திய இடங்களில், சின்னப் பையன்களைத்தான் முதலில் பெட்டி பக்கத்தில் உட்கார வைப்பார்கள். எடுபிடி வேலை, பேரேட்டைப் பார்த்து எழுதுவது, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. அப்புறம் அடுத்தாள், அதற்கும் பிறகுதான் தொழிலை நடத்தும் மேலாள். எங்கள் தெருவில், சின்ன வயதில் ரங்கூனில் வேலை கற்றுவிட்டு வந்த ஓர் ஐயா உண்டு. தொழிலை எப்படிக் கற்றீர்கள் என்று யார் கேட்டாலும் அவர் வட்டிக் கணக்கைப் பற்றிப் பேச மாட்டார். தன் மேலாள் கடன் கேட்டு வந்தவரை எப்படி உட்கார வைத்தார், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் எப்படிச் சொன்னார் என்பதைத்தான் சொல்வார். பையன் எந்த மேலாள் பக்கத்தில் உட்கார்ந்தானோ, அந்தத் தொழில் அவனுக்கு அப்படியே ஆனது. வார்டும் அப்படித்தான். சிலபஸில் எழுதாத இந்தப் பாடத்துக்குக் கல்வியாளர்கள் 'மறைந்திருக்கும் பாடத்திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலேஜில் 'நோயாளியிடம் கனிவாகப் பேச வேண்டும்' என்று ஐந்து மார்க்குக்கு எழுதுவீர்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நோயாளியைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துப் பேசுகிறவர்களை ஒரு மணி நேரம் பார்ப்பீர்கள். மனதில் எது நிற்கும் என்று உனக்குத் தெரியும்.

இதில் என் பங்கையும் உன்னிடம் சொல்ல வேண்டும். நான் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக இருந்த ஒரு மருத்துவமனையில், ஒரு காலை வேளை, ஆம்பூல் என்ற கண்ணாடி மருந்துக் குப்பியை உடைக்கும்போது ஒரு மாணவி மருந்தைக் கீழே கொட்டிவிட்டாள். மருந்து தட்டுப்பாடாக இருந்த நாள். ஆறு நோயாளிகள் பார்க்க, "உன்னையெல்லாம் யார் இந்தப் படிப்புக்கு அனுப்பியது?" என்று கத்தினேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஊசி போடும் முறை வரும்போதெல்லாம் பின்வரிசையில் நிற்பாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் போய்ப் பேசவில்லை. படிப்பை முடித்தாள், ஆனால் நர்ஸ் வேலைக்கு அவள் போகவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. என்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மாணவியைத் திருத்த வேண்டியிருந்தால் வார்டுக்கு வெளியே, மருந்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினேன். நீ கற்பிக்கும் இடத்துக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்.

உன் வார்டு சிஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். நான் பார்த்த வார்டுகளில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. இரவு டியூட்டியில் நாற்பது படுக்கைக்கு நானும் ஓர் அட்டெண்டரும் மட்டும் நின்ற நாட்கள் உண்டு. அந்த நிலையில் 'ஏன் சிஸ்டர் இந்த மருந்து?' என்று கேட்கும் மாணவி பாரமாகத்தான் தெரிவாள். அவர் உன்னை அவமதித்தது நியாயம் என்று சொல்லவில்லை. எந்தக் காரணமும் அதை நியாயமாக்காது. ஆனால் அவருடைய களைப்பைப் பார்த்துவிட்டு, இந்தத் தொழில் செய்தால் நானும் இப்படித்தான் ஆவேன் என்று முடிவுகட்டாதே.

இன்னொன்று. நர்சிங் என்ற இந்தப் பெரிய வீட்டில் நீ ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கிறாய். இப்போதைய செமஸ்டர் முறையில் மூன்றாவதும் நான்காவதும் முழுக்கப் பெரியவர்களின் மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுகள்தான். ஐந்தாவதில்தான் குழந்தைகள், மனநலம், சமூக நலம். ஆறிலும் ஏழிலும் மகப்பேறு. எட்டாவது இன்டர்ன்ஷிப். மாணவிகளின் மனம் போஸ்டிங்குக்குப் போஸ்டிங் எப்படி மாறுகிறது என்பதை நான் வருடா வருடம் பார்த்தேன்.

மனநலப் போஸ்டிங்கைச் சொல்கிறேன். மதுரைக்கோ, 1794-இல் தொடங்கிய சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ கிளம்பும் முன் பிள்ளைகள் பயந்து நடுங்குவார்கள். அடிப்பார்களா மேடம், கடிப்பார்களா மேடம் என்று பஸ்ஸிலேயே கேட்பார்கள். ஒரு வருடம் நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: ஆளுக்கு ஒரு நோயாளி, தினமும் அரை மணி நேரம் அவரோடு பேச வேண்டும், நோட்டு கையில் இருக்கக் கூடாது. மூன்றாம் நாளே பயம் போய்விட்டது. கடைசி நாள் ஒரு பெண், தன்னோடு தினமும் தாயம் விளையாடிய அம்மாவை விட்டுவிட்டு பஸ் ஏற மனமில்லாமல் நின்றாள். வேறு சில வருடங்களில் எனக்கு நேரமில்லாமல் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்க வைத்துக் காட்டிவிட்டு மட்டும் திரும்பினோம். அவர்கள் போன பயத்தோடு அப்படியே வந்தார்கள். போன இடம் ஒன்றுதான். நோயாளியோடு இருந்தார்களா, நோயாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களா என்பதில்தான் எல்லாம் மாறியது.

அப்புறம் சமூக நலப் போஸ்டிங். நம் பக்கத்து ஊர்களுக்கு உங்களை அனுப்புவார்கள். பள்ளத்தூர், கோட்டையூர், உங்கள் கானாடுகாத்தான், எங்கு பார்த்தாலும் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள், அதில் பாதி பூட்டிக் கிடக்கும். மீதிப் பாதியில் ஒரு பெரியவரோ ஆச்சியோ மட்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அந்த வீட்டு வளவில், உள்முற்றத்தில், உட்கார்ந்து சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அவர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு, மாத்திரை டப்பாவைத் திறந்து எதை இரண்டு தடவை போட்டுக்கொள்கிறார் என்று கண்டுபிடிப்பது, அதுவும் நர்சிங்தான். உன் அப்பத்தாவுக்கு அந்த அக்கா செய்ததும் அதுவே. நீ எதைப் பார்த்து இந்தப் படிப்புக்கு வந்தாயோ, அது ஐந்தாம் செமஸ்டரில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் போகாதே என்பதுதான் என் கோரிக்கை.

அதுவரை இந்த வார்டில் எப்படி இருப்பது என்று கேட்பாய். நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் உனக்குக் கொடுத்த வேலையெல்லாம் செய். அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு நோயாளியை உன்னுடையவர் என்று எடுத்துக்கொள். அவர் பெயர், ஊர், வீட்டில் யார், எதற்கு வந்தார், இன்று ராத்திரி எதற்குப் பயப்படுகிறார். பி.பி. பார்க்கும் இரண்டு நிமிடத்திலேயே இதில் பாதி தெரிந்துவிடும். பி.பி. பட்டையைக் கட்டும்போது அவர் கை குளிர்ந்திருக்கிறதா, நகக்கண் வெளுத்திருக்கிறதா, நேற்றைவிட மூச்சு வாங்குகிறதா என்று பார். 'இவ்வளவுதான் எங்கள் வேலை' என்று நீ எழுதிய அந்தப் படுக்கை விரிப்பில்தான் முதுகுப் புண் முதலில் கண்ணில் படும். லேபுக்குச் சாம்பிள் கொண்டுபோகும்போது அது என்ன சோதனை என்று படித்துவிட்டுப் போ. ரிசல்ட் வந்ததும், அவருடைய நிலையோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று ராத்திரி புத்தகத்தில் பார். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீ எழுதும் கேர் பிளானைப் பழைய சீனியர் நோட்டிலிருந்து காப்பி அடிக்காமல் அவரைப் பார்த்து எழுது. கேள்விகளை ரவுண்ட்ஸ் நேரத்தில் கேட்காதே. டியூட்டி மாறி, ஹேண்ட் ஓவர் முடிந்து, சிஸ்டர் டீ குடிக்க உட்காரும் நேரத்தில் ஒன்றே ஒன்று கேள். 'நீங்கள் டிரிப்ஸ் ஊசியை எப்படி ஒரே தடவையில் ஏற்றினீர்கள் சிஸ்டர்?' என்று கேட்டுப் பார். தன் கைத்திறனைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள்.

உன் டீச்சரிடமும் பேசு. "மேடம், 14-ஆம் பெட் பேஷண்ட் இறந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நேரம் பேச வேண்டும்" என்று அப்படியே சொல். அவர் ஒதுக்கினால் இன்னொருவரிடம் போ. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் உன்னைப் போலவே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர்கள் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள். நீ வாயைத் திறந்தால் அவர்களும் திறப்பார்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர் வாழ்வதே வேண்டாம் என்கிற நினைப்பு வந்தால் போஸ்டிங், அட்டெண்டன்ஸ் எதையும் பார்க்காமல் மருத்துவரிடம் போ. டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம்.

எப்போது நிற்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமூக நலம், மனநலம், மகப்பேறு மூன்றையும் பார்த்த பிறகும், நல்ல டீச்சர் பக்கத்தில் இருந்தபோதும், நோயாளியைத் தொடுவதும் அவர் பக்கத்தில் இருப்பதுமே உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உண்மையான பதில். அப்போது குற்ற உணர்வில்லாமல் பாதையை மாற்று. நான் மனதாரச் சரி என்பேன். அதுவரைக்கும் உனக்குப் பிடிக்காதது நோயாளியா, அந்த வார்டா, அங்கே உன்னை நடத்தும் விதமா என்பதை வாரம் ஒரு தடவை ஒரு நோட்டில் எழுதி வை. உன் கடிதத்தில் நோயாளியைப் பற்றி ஒரு குறை கூட இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் நகையைப் பற்றிப் பேசாதே. அந்தப் பேச்சு எப்போதும் அழுகையில்தான் முடியும். அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல். அம்மா உன்னை நின்றுவிடாதே என்று சொல்கிறார், ஆனால் நீ எதைப் பார்த்துவிட்டு வருகிறாய் என்று அவருக்குத் தெரியாது. தன் மகள் பத்தொன்பது வயதில் ஒரு சாவின் பக்கத்தில் நின்றிருக்கிறாள் என்று தெரிந்தால் எந்தத் தாயும் முதலில் கட்டிப் பிடித்துக்கொள்வாள், பணம் அப்புறம்தான்.

பெட் நம்பரைத்தான் எழுதியிருந்தாய். வார்டு அட்மிஷன் ரெஜிஸ்டரில் அந்தத் தாத்தாவின் பெயர் இருக்கும். பார்த்துத் தெரிந்துகொள், எனக்கு எழுத வேண்டாம், உனக்காக. ஐந்தாம் செமஸ்டர் போஸ்டிங் முடிந்ததும் மறுபடி எழுது.